பியானோ நின்ற பிறகு

என் மனைவிக்குச் சங்கீத ஞானம் துளிகூடக் கிடையாது என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அப்படிச் சொல்வதில் எனக்கொரு குஷி இருந்தது, அதை மறைப்பானேன். கொழுந்தியாள் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தால் பாயசம் வருவதற்குள் பேச்சை அங்கே கொண்டுவந்துவிடுவேன். "உங்கக்காளுக்கு வயலினும் ஒண்ணுதான், தேங்கா துருவறதும் ஒண்ணுதான்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். "அட, போங்க" என்று அவளும் சிரித்துவிட்டு மோர் எடுக்க உள்ளே போவாள்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே அவளுடைய நிட்டிங் யூனிட் இருக்கிறது. நூலைக் கொடுத்தால் துணியைக் குழாயாகப் பின்னித் தள்ளுகிற வட்ட மிஷின்கள். நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் கேட்பதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த வேலையை யார் தலையிலாவது கட்டுவது என் தொழில். என் சம்பளம் என் பெருமைக்குத்தான் சரியாக இருந்தது. வீடு கட்டியதும் மகனைப் படிக்க வைத்ததும் அவளுடைய மிஷின்கள்தான். காலையில் கொண்டையை முடிந்துகொண்டு உள்ளே போனால், பொழுது சாயத் தலையெல்லாம் பஞ்சாக வெளியே வருவாள்.

எனக்கு வயலின் பைத்தியம் பிடித்தது ஒரு பெட்டி சிடிக்களால். அவை என்னிடம் வந்தது பையர் கம்பெனி ஆள் ஒருவரால். துணியின் தரம் பார்ப்பதற்காகச் சில வருடங்கள் திருப்பூரில் குடியிருந்த வெள்ளைக்காரர் அவர். ஊரைப் பார்க்கக் கிளம்பும்போது, விமானத்தில் எடை கூடுகிறது என்று ஓர் அட்டைப்பெட்டி நிறைய சிடிக்களை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திறந்தால் எல்லாம் வயலினும் பியானோவும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் ஐரோப்பாவில் எழுதப்பட்ட சொனாட்டாக்கள், அதாவது இரண்டு வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து பகுதி பகுதியாக வாசிக்கிற உருப்படிகள். பாட்டும் கிடையாது, மிருதங்கமும் கிடையாது. அதிலும் ஒரே சொனாட்டாவை வேறு வேறு ஆட்கள் வாசித்து ஏழெட்டு சிடி. ஒரே சரக்கை எதற்கு மனுஷன் இத்தனை வாங்கி வைத்தான் என்று நினைத்தேன். சும்மா கிடக்கிறதே என்று காரில் போட்டேன். முதலில் தூக்கம் வந்தது. கொஞ்ச நாள் கழித்து, பல்லடம் ரோட்டில் டிராஃபிக் இன்னும் சற்று நேரம் நகராமல் இருந்தால் தேவலை என்று தோன்ற ஆரம்பித்தது.

நெடுநாள் சேர்ந்து குடித்தனம் செய்த இரண்டு பேர் பேசிக்கொள்வது போல இருக்கும் அந்த இசை. ஒருவர் ஆரம்பித்ததை மற்றவர் முடிப்பார். வாக்குவாதம் வரும், கோபித்துக்கொண்டு ஒருவர் பேசாமல் இருப்பார், பிறகு பழைய பேச்சுக்கே திரும்புவார்கள். ஏழெட்டு சிடி எதற்கு என்பதும் புரிந்தது. பேட்டர்ன் ஒன்றுதான், தைக்கிற கை வேறு. ஒருவர் அவசரக்காரர், ஒருவர் இழுவை. எல்லோரிலும் எனக்குப் பிடித்தது ஒரு வயதான பெண்மணி வாசித்தது. பழைய ரெக்கார்டிங், பின்னால் எண்ணெய் பொரிகிற மாதிரி இரைச்சல் கேட்கும். இரண்டாம் பகுதியின் கடைசியில் பியானோ அடங்கிப்போன பிறகு வயலின் உச்சியில் ஒரு சுரத்தை மட்டும் மெல்லப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும். மற்றவர்கள் சட்டென்று முடித்துவிடுவார்கள். அந்த அம்மாள் முடிக்கவே மாட்டார். அந்த சொனாட்டாவை ஞாயிற்றுக்கிழமைக்கென்றே வைத்திருந்தேன்; அந்த இடத்துக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன், அது முடிந்ததும் சிடியை நிறுத்திவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மிஷின்கள் ஓடாது. அன்று சாயங்காலம் காப்பியை எடுத்துக்கொண்டு அவளும் முன்னறைக்கு வந்து உட்காருவாள். நான் கூப்பிட்டதில்லை. "உனக்கென்ன புரியுதுன்னு வந்து ஒக்கார்ற?" என்று ஒரு தடவை கேட்டேன். "வாரத்துல ஒரு நாளாவது நீங்க வாயத் தொறக்காம இருக்கறதப் பாக்கலாமுன்னுதானுங்க" என்றாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் நன்றாகத்தான் போகும். சரியாக அந்த இடம் வரும், பியானோ அடங்கும், வயலின் உச்சியில் நிற்கும், இவள் "சரீங்க" என்று எழுந்து டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவாள். டங்கென்று டம்ளரில் டம்ளர் விழும். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரியும்.

இதில் இன்னொரு கூத்து. பியானோவோடு சேர்த்துச் சட்டென்று முடிக்கிற அவசரக்காரர் சிடியைப் போட்டால் மட்டும் கடைசி வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுவாள். ஆக, இவளுக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது, நல்லதற்கும் இவளுக்கும் வெகுதூரம் என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். அதையும் கொழுந்தியாளிடம் சொல்லிச் சிரித்தேன்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த அம்மாளின் சிடிதான் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம் போல எழுந்தாள். அன்றைக்கென்று எனக்கு ஆபீஸ் கடுப்பு வேறு. "ஏம் புள்ள, சித்த நேரம் ஒக்கார மாட்டியா? நல்ல எடம் பாத்துத்தான் எந்திரிப்பியா?" என்று கத்திவிட்டேன்.

அவள் டம்ளரும் கையுமாக நின்றாள். "முடிஞ்சு போச்சுங்களே. முடிஞ்சாத்தானுங்க எந்திரிக்கறேன்."

"எங்க முடிஞ்சுது? இன்னும் வாசிச்சுட்டிருக்குது பாரு!"

"இல்லீங்க. பொட்டிக்காரரு அப்பவே நிறுத்திப்போட்டாரே." பியானோவை அவள் பொட்டி என்றுதான் சொல்வாள்.

வீம்புக்குப் பேசுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வயலின் எங்கள் இருவருக்கும் நடுவில் கேட்டுக்கொண்டேயிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். கரண்ட் போன வீட்டில் டிவியைப் பார்க்கிற மாதிரி ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிடியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளித் திரும்பவும் போட்டேன். "வயலின் கேக்கற வரைக்கும் கையைத் தூக்கி வை" என்றேன். சிரித்துக்கொண்டே தூக்கினாள். வயலின் கீழே இருக்கும் வரை கை மேலேயே இருந்தது. அது ஏற ஏற, "இருக்குதுங்க... இருக்குதுங்க..." என்றாள். பிறகு, "இப்பப் போயிருச்சுங்க" என்று கையை மடியில் போட்டுக்கொண்டாள். என் காதில் அது போகவில்லை. போகவே இல்லை.

அவள் ஒரு நாளும் பாதியில் எழுந்ததில்லை. அவள் காதுக்குக் கேட்ட வரைக்கும் கேட்டு, முடிந்த பிறகுதான் எழுந்திருக்கிறாள். தேங்காய் துருவுகிற கதையெல்லாம் நினைவுக்கு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்த பெண், மேல் ஸ்தாயிச் சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன என்றும், மெஷின் இரைச்சலில் வருடக்கணக்காக இருந்தால் இப்படித்தான் ஆகும் என்றும் சொன்னாள். "போனது திரும்ப வராதுங்க. இருக்கறதக் காப்பாத்திக்கலாம்" என்றாள். பிறகு கேட்டாள்: "வேலை செய்யறப்ப காதுக்கு ஏதாச்சும் மாட்டுவீங்களா அக்கா?"

"ஆடிட்டு வந்தா மாட்டுவமுங்க" என்றாள் என் மனைவி, ஒளிவுமறைவே இல்லாமல்.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் ஆடிட்டு வருகிறது என்று முந்தின நாளே போன் போட்டுச் சொன்னவன் நான். வேலையாட்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பையரின் ஆட்கள் எங்கள் கம்பெனிக்குத் துணி பின்னுகிற இடம் வரை வந்து பார்ப்பார்கள். "அம்மணி, நாளைக்கு வர்றாங்க. அந்த இயர் மஃப்பையெல்லாம் தூசு தட்டி எல்லார்த்துக்கும் மாட்டி உடு" என்பேன். சத்தம் புகாமல் காதை மூடுகிற கவசம், மஞ்சள் நிறத்தில் கிண்ணம் கிண்ணமாக இருக்கும். ஆட்கள் வந்து, படம் எடுத்து, போன பிறகு அவை ஆணிக்குத் திரும்பிவிடும். ஊரில் எல்லா யூனிட்டிலும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்தேன். ஆனால் எல்லா யூனிட்டுக்கும் என்னைப் போல ஒரு புருஷன் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கவில்லையே. வேலை நாட்களில் ஆபீஸ் கிளம்புவதற்கு முன் கேட்க உட்கார்ந்தால் மிஷின் சத்தம் சுவரைத் தாண்டி வந்து என் வயலினைக் கெடுக்கிறது என்று, வெளிச் சத்தமே புகாத உயர்ந்த ரக ஹெட்போன் ஒன்றை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டவன் நான். ஒரே சுவர். அந்தப் பக்கம் அவள் வெறுங்காதோடு நின்றாள்.

காதில் வைக்கிற கருவி வாங்கினோம். அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், "நீங்க முறுக்குத் திங்கறது இத்தன சத்தமுங்களா!" என்று வியந்தாள். எனக்குப் போன உயிர் வந்தது. அந்த வாரமே சிடியைப் போட்டேன். வயலின் ஏற ஆரம்பித்ததும் முகத்தைச் சுளித்தாள். "கேக்குதுங்க. ஆனா தகரத்தச் சொரண்டற மாதிரி இருக்குது. இதையுங்களா இத்தன வருசமா கேட்டீங்க?" என்றாள். கருவியைக் கழற்றி அதன் டப்பாவுக்குள் வைத்தாள். பேரப்பிள்ளை வந்தால் மட்டும் மாட்டுகிறாள். மிஷின் பக்கம் போகும்போது இப்போது இயர் மஃப் போடுகிறாள். நான்தான் நின்று போடவைக்கிறேன். யூனிட்டில் மற்றவர்களையும் மிரட்டிப் போடவைக்கிறேன். இந்தச் சுறுசுறுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து உட்காரவில்லை. காப்பி என் மேசைக்கு மட்டும் வந்தது. "வா அம்மணி" என்றால், "நான் வந்து என்னங்க பண்ண, நீங்க நிம்மதியாக் கேளுங்க" என்று கீரை ஆயப் போய்விடுவாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பியானோ அடங்குகிற இடத்தில் டம்ளர் சத்தம் வருகிறதா என்று காது தானாகத் தேடியது. வரவில்லை. வயலின் மட்டும் நின்றது. அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அவள் திரும்ப வரவே மாட்டாளோ என்று பயமாக இருந்தது. வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவதே அந்த நேரம்தான். மறுபடி சிடி போடுவதையே நிறுத்திவிட்டேன்.

அதைக் கவனித்திருப்பாள் போல. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு டம்ளர்களோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். "ஏனுங்க, பொட்டியப் போடலீங்களா?"

"உனக்குத்தான்..." என்று இழுத்தேன்.

"எனக்காவ ஒண்ணையும் நிறுத்தப்படாது. எப்பவும் போடறதப் போடுங்க. முடியற வரைக்கும் ஒக்காந்திருக்கறேன். முடிஞ்சதும் தலையாட்டுங்க, எந்திரிச்சுக்கறேன்."

அந்த அம்மாளின் சிடியையே போட்டேன். முதல் பகுதி போயிற்று. இரண்டாம் பகுதியின் கடைசி வந்தது. பியானோ மெல்ல அடங்கியது. அவள் எழவில்லை. ஸ்பீக்கரையும் பார்க்கவில்லை. காலி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் எப்போது முடிந்தது என்று அவளுக்கே தெரிந்திருந்தது, தானாக எழுந்தாள். இப்போது அதற்கும் என் உத்தரவு வேண்டியிருந்தது. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பிள்ளை போல உட்கார்ந்திருந்தாள். வயலின் நின்றுகொண்டேயிருந்தது. வாரம் முழுக்க நான் காத்துக் கிடந்த அதே சுரம்தான். எப்போதடா இது தொலையும் என்று இருந்தது.

முடிவதற்குள் தலையாட்டிவிட்டேன்.

"முடிஞ்சுதுங்களா?"

"ஆச்சு அம்மணி."

"இன்னைக்கு நல்லாயிருந்துதுங்க" என்றாள். என் டம்ளரையும் எடுத்துத் தன் டம்ளருக்குள் டங்கென்று போட்டுக்கொண்டு எழுந்து போனாள். மிச்சத்தை நான் கேட்கவில்லை.