மரகதம் அக்கா ஷூவுக்குள்ள வச்ச மெத்தை

மரகதம் அக்கா இன்னைக்குக் காலையில போயிட்டாங்க.

நாயுடுபுரத்துக்காரங்களுக்கு அவங்களைத் தெரியும். தெரியாதவங்களுக்கு... இங்க மலை மேல நான் ஹோட்டல் ரிசப்ஷன்ல இருந்தப்போ ஹவுஸ்கீப்பிங் மொத்தமும் அவங்க கையிலதான். சின்னப் பிள்ளையில சிலோன் தோட்டத்துல இருந்து வந்தவங்க. பேச்சுல அந்த வாடை கடைசி வரைக்கும் போகல.

ஹோட்டல் ஆளுங்க வாட்ஸப் குரூப்ல "வயசாச்சு, கஷ்டப்படாம போயிட்டாங்க"ன்னு போட்டிருக்கீங்க. கஷ்டப்பட்டாங்க. நான் கூட இருந்து பாத்தேன்.

ஒரு சீசன்ல கெஸ்ட் ஒருத்தர் வாட்ச்சைக் காணோம்னு கத்துறார். ரூம் க்ளீன் பண்ண பொண்ணோட பையைத் திறந்து காட்டணுமாம். மேனேஜரும் தலையாட்டிக்கிட்டு நிக்கிறார்.

அக்கா குறுக்க வந்து நின்னாங்க. "முதல்ல உங்க பெட்டியைத் திறங்க சார். அதுக்குப் பொறகு இவ பையை நானே திறக்குறேன். விளங்குதா?"

வாட்ச் அவர் ஸ்வெட்டர் கைக்குள்ளயே கெடந்துச்சு. அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்து அவர் சாரி சொல்ற வரைக்கும் அக்கா வாசலை விட்டு நகரல.

அப்பேர்ப்பட்ட மனுஷியைத்தான் ஒரு ஜோடி ஸ்பாஞ்சு சாய்ச்சிருச்சு.

ரிட்டையர் ஆனதுக்கப்புறம் அக்காவுக்குக் குதிகால் வலி. வருஷக்கணக்கா சிமெண்ட் தரையில நின்ன கால், வலிக்காம என்ன செய்யும். அந்த நேரம் பாத்து கல்யாண மண்டபத்துல "இலவச பாதப் பரிசோதனை முகாம்"னு ஒரு கம்பெனி வந்துச்சு.

அக்காவைக் கண்ணாடிப் பலகை மேல நிக்க வச்சாங்க. கம்ப்யூட்டர்ல பாதம் சிவப்பும் நீலமுமாத் தெரிஞ்சுது. கோட்டு போட்ட பையன் ஒருத்தன், டாக்டர் இல்ல, சேல்ஸ்மேன்... "பேலன்ஸ் சூப்பரா வரும்மா"ன்னு ஷூவுக்குள்ள வைக்கிற தடிமனான ஜெல் இன்சோல் ஒரு ஜோடியைத் தலையில கட்டிட்டான்.

ரெண்டே நாள்ல எனக்கு போன். "ஏ புள்ள, வலி தேவலாம். ஆனா தரையே தெரியமாட்டேங்குது. மெத்தையில ஏறி நிக்கிற மாதிரி ஆடுது."

அந்தப் பையன்கிட்டயும் சொல்லியிருக்காங்க. "பழகிரும்மா"ன்னானாம்.

பழகல. மழை பேஞ்ச ஒரு காலையில பால் வாங்கிட்டு வீட்டுப் பக்கத்துச் சரிவுல இறங்குறப்போ கால் மடங்கி விழுந்தாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு. மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன்.

வீட்டுக்கு வந்த பிசியோ பொண்ணு அந்த ஷூவை எடுத்துப் பாத்துச்சு. இன்சோலைக் கட்டைவிரலால அமுக்குனா விரல் அப்படியே புதையுது.

"யாருங்க இதைக் குடுத்தது? வயசானா பாதத்துல உணர்ச்சி கொஞ்சம் குறையத்தான் செய்யும். இவ்ளோ சாஃப்ட்டா வச்சா, தரை சரிவா சமமான்னு கால் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஷூவும் டைட்டாகி குதிகால் மேல ஏறி நிக்குது பாருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துல இன்சோல் வந்த பாக்கெட்ல போட்டிருந்த கம்பெனி நம்பருக்கு அடிச்சேன்.

"மேடம், வயசானவங்க விழறது சகஜம்தானே?"

சகஜமாம். கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள லைனைக் கட் பண்ணிட்டான்.

அக்கா வாக்கரைப் பிடிச்சு எந்திரிச்சாங்க. அந்த பிசியோ பொண்ணே மெல்லிசா, கெட்டியா வேற இன்சோல் பாத்துக் குடுத்துச்சு. "இப்போ தரை தெரியுது"ன்னாங்க. அவ்ளோ வலியிலயும் சிரிச்சாங்க.

அதே கம்பெனி மறுபடியும் அதே மண்டபத்துக்கு வந்துச்சு. அக்கா விடுவாங்களா? "ஏ புள்ள, டாக்ஸி சொல்லு."

உள்ள, பூண்டி மாதிரி தூரத்து மலைக்கிராமத்துல இருந்தெல்லாம் வந்த பெரியவங்க வரிசையா உக்காந்திருந்தாங்க. அக்கா சேல்ஸ்மேனைத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா அந்த வரிசை முன்னாடி போய் வாக்கரோட நின்னாங்க.

"இவங்க குடுத்ததைப் போட்டுத்தான் நான் விழுந்தேன். வாங்குறவங்க வாங்குங்க. ஆனா அதைப் போட்டுக்கிட்டு முதல்ல வெளிய அந்தச் சரிவுல நடந்து பாருங்க. கால் ஆடுச்சுன்னா அங்கேயே கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

மைக்ல பாட்டைச் சத்தமா வச்சான் அந்தப் பையன். அக்கா அதைவிடச் சத்தமா திரும்ப ஒருக்கா சொன்னாங்க.

ஒரு தாத்தா எந்திரிச்சார். அவர் பின்னாடி ரெண்டு அம்மா. அப்புறம் பாதி வரிசை காலி. மீதிப் பேர் உக்காந்தேதான் இருந்தாங்க... அது வேற வயித்தெரிச்சல்.

ஆபரேஷனுக்கப்புறம் படுக்கையில கெடந்ததுல அக்காவுக்கு நெஞ்சு பலவீனமாயிருச்சு. இந்தப் பனிக்குச் சளி கட்டி, மூச்சு வாங்கி... நேத்து சாயங்காலம் போய்ப் பாத்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

நாளைக்கு வெள்ளனே எடுக்குறாங்க. நாயுடுபுரம் வீட்டுல இருந்து. பழைய ஹோட்டல் ஆளுங்க எல்லாரும் வந்துருங்க.

போயிட்டு வாங்கக்கா. எனக்கு இன்னும் அழுகை வரல. கோவம்தான் வருது.