கண்டக்டர் சொன்ன ஃபேட்

கன்னிவாடி பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். காதில் பென்சில், எப்போதும் சிரிப்பதுபோல் எட்டிப் பார்க்கும் முன்பற்கள். எது நடந்தாலும் 'ஃபேட்' என்பார். ஜன்னலோர இடம் கிடைத்தால் ஃபேட், மழை கொட்டினாலும் ஃபேட்.

நான் மாமாவோடு பெண் பார்க்கப் போன அன்று பஸ் வழியில் நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினோம். பஸ் சட்டென்று கிளம்ப, நான் வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குப்புற விழுந்தேன்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாம் விதி! சகுனம் சரியில்ல அப்பு, திரும்பிருவோம்."

"விதின்னா திரும்பத்தாங்க தோணும்," என்றார் கண்டக்டர். "ஃபேட்னு சொல்லிப் பாருங்க, மேக்கொண்டு போகத் தோணும்."

மாமா வேண்டாவெறுப்பாகச் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அந்த வார்த்தை 'பேட்டு' என்று வந்ததும் பஸ்ஸே சிரித்தது, மாமாவும் சிரித்துவிட்டார். போனோம். சேற்று மாப்பிள்ளையைப் பார்த்து, காப்பி கொண்டுவந்த பெண் டம்ளர் தளும்பச் சிரித்தாள். கல்யாணம் முடிந்தது.

அவளுக்கும் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. பால் பொங்கி வழிந்தால் ஃபேட், சோறு குழைந்தால் ஃபேட். என்னைக் காட்டும்போது மட்டும் 'எல்லாம் என் விதி' என்கிறாள். இதற்கு என்ன வழி என்று அந்தக் கண்டக்டரைத்தான் கேட்க வேண்டும்.