மணலுக்கு வைத்த மஞ்சள்

அஞ்சலாட்சிக்குத் தங்கை மேல் பொறாமை. முதலியார்பேட்டையில் அவள் தெருவில் இது தெரியாதவர் இல்லை. அவளும் மறைத்ததில்லை. "என் தங்கச்சிக்கு இன்னைக்கு இருவத்திரெண்டு ரூமும் ஃபுல்லு" என்பாள், காலையில் வாசல் தெளித்துக்கொண்டே. மகள் பூவிழியின் போனில் தினமும் பார்த்துவிடுவாள். தங்கையின் விடுதியில் அறை காலியில்லை என்று வந்தால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது. நாலு அறை காலி என்று வந்தால் இன்னொரு தோசை கேட்பாள்.

மறைத்தது ஒன்றைத்தான். அதை முப்பத்து மூன்று வருஷம் மறைத்தாள்.

அவள் அப்பா சாமிக்கண்ணுவுக்கு ஆண்பிள்ளை இல்லை. இரண்டு பெண்கள், இரண்டு நிலம். அரியாங்குப்பத்துக்குத் தெற்கே வாய்க்கால் ஓரம் நூறு குழி நஞ்சை. ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல், இரண்டு போகம். கடலோரத்தில் அதே அளவு மணல். மணலில் நாலு சவுக்கு, அடம்பங்கொடி, நண்டு வளை. மீன்காரர்கள் கருவாடு காயப்போடுவார்கள். அதற்கு வாடகை கேட்கக்கூட சாமிக்கண்ணுவுக்குத் தோன்றியதில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், பாகம் பிரித்தார். யாருக்கு எது என்று தன் வாயால் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. திருவுளச்சீட்டு போட முடிவு செய்தார். தினசரி காலண்டரில் இரண்டு தாள் கிழித்து, வெறும் பக்கத்தில் ஒன்றில் 'வயல்', ஒன்றில் 'மணல்' என்று எழுதினார். பெரியவளைக் கூப்பிட்டார். "மடிச்சு அம்மன் படத்தாண்ட வையிம்மா. நான் கால் கழுவிட்டு வர்றேன்."

அஞ்சலாட்சி அப்போது மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள், முழுக்கத் துடைக்கவில்லை. சீட்டுகளை நாலாக மடித்தாள். மணல் சீட்டின் முதுகில் இடது கட்டைவிரலை ஓர் அழுத்து அழுத்தினாள். எதை எடுக்கக் கூடாது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். மூத்தவள் என்பதால் தான்தான் முதலில் எடுப்போம் என்று நினைத்திருந்தாள்.

அப்பா வந்து உட்கார்ந்து, "சின்னவ எடுக்கட்டும்" என்றார்.

தங்கை பாக்கியலட்சுமி இரண்டு சீட்டையும் பார்த்தாள். நிமிர்ந்து அக்காவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மஞ்சள் பட்டதை எடுத்துப் பிரித்தாள். மணல்.

சீட்டை மடித்துக் குங்குமச் சிமிழுக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பாட்டில் அஞ்சலாட்சி தங்கைக்கு வாலும் தலையும் போக நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள்.

அடுத்த பன்னிரண்டு வருஷம் அஞ்சலாட்சியின் காலம். புருஷன் கண்ணையன் வேலை பார்த்த பஞ்சாலை ஒரு மாதம் ஓடும், இரண்டு மாதம் நிற்கும். பிறகு நின்றேவிட்டது. வயல் நிற்கவில்லை. விடியற்காலைப் பேருந்தில் போவாள், மதியம் திரும்புவாள். அறுவடை முடிந்ததும் தங்கை வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புவாள், கூடவே ஒரு சொல்லும்: "உன் மணல்ல வெளைஞ்சத எனக்கு அனுப்புடி."

பாக்கியம் அரிசியை வாங்கிக்கொள்வாள். சொல்லுக்குப் பதில் அனுப்பியதில்லை.

பிறகு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். இரண்டு கீற்றுக் கொட்டகை போட இடம் கேட்டார். பாக்கியத்தின் புருஷன் புருஷோத்தமன் கொடுத்தான். மறு வருஷம் கொட்டகை ஆறு ஆனது. அவர் ஊருக்குப் போய்விட்டார், கொட்டகைகள் இருந்தன. சென்னையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், பிறகு பெங்களூரிலிருந்து. கீற்று போய் ஓடு வந்தது, ஓடு போய் மாடி வந்தது. பாக்கியத்தின் மகன் கோபிநாத் ஓட்டல் படிப்பு முடித்து வந்து நீச்சல் குளம் வெட்டினான். கடலுக்கு நூறு அடியில் எதற்குக் குளம் என்று அஞ்சலாட்சிக்குக் கடைசிவரை புரியவில்லை.

அந்தக் கரை முழுக்க அப்படித்தான் ஆனது. கருவாடு காய்ந்த இடத்தில் கார்கள் காய்ந்தன. மீன்காரர்கள் கடலுக்குப் போகும் பாதை இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு படகு அகலத்துக்கு ஒடுங்கியது. சனிக்கிழமைகளில் அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி நகராது. வாடகை ஸ்கூட்டரில் தொப்பி போட்ட பிள்ளைகள் இடமும் வலமும் நுழைவார்கள். பேருந்துக்குள் அஞ்சலாட்சி கருக்கரிவாளைப் பையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அத்தனை பேரும் தன் தங்கை வீட்டுக்குத்தான் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும்.

வயலில் போர் கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. நாற்று நுனி கருகியது. பூவிழி சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சரிசெய்பவள். ஒரு விடுமுறை நாளில் உப்பு அளக்கும் மீட்டர் கொண்டுவந்து தண்ணீரில் வைத்தாள். நாலாயிரத்து நூறு காட்டியது. நெல்லுக்கு இரண்டாயிரமே அதிகம். இரண்டாம் தடவையும் வைத்தாள்; அதேதான்.

"அவ குளம் என் கிணத்தக் குடிச்சிருச்சு" என்றாள் அஞ்சலாட்சி.

"அதுதான் காரணம்னு இதுல தெரியாதும்மா. உப்பு மட்டுந்தான் தெரியும்."

"எனக்குத் தெரியும்."

அந்தக் கோடையில் கடல் உள்ளே வந்தது. தங்கையின் விடுதி முன்னால் முப்பது அடி மணலைத் தின்றது. செய்தியைக் கேட்டு அஞ்சலாட்சி தெருவில் எல்லோரிடமும் வருத்தப்பட்டாள். அவள் இரண்டு வாரம் அவ்வளவு தெம்பாக இருந்து பூவிழி பார்த்ததில்லை. பிறகு கோபிநாத் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினான். வந்தவர்கள் கல் மேல் ஏறி உட்கார்ந்து சூரிய உதயத்தைப் படம் எடுத்தார்கள். அறைகள் மறுபடி நிறைந்தன.

இதையெல்லாம் அவள் தாங்கினாள். தாங்க முடியாதது நாலு வருஷத்துக்கு முன் வந்தது.

பாக்கியத்தின் சிமிழைக் கோபிநாத் திறந்து பார்த்திருக்கிறான். வெளிச்சம் படாமல் இருந்ததால் மஞ்சள் அப்படியே நின்றிருந்தது. விடுதிக்கு 'மஞ்சள்' என்று புதுப் பெயர் வைத்தான். காலண்டர் தாளுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் தொங்கவிட்டான். அந்தக் கட்டைவிரல் ரேகையைப் பெரிதாக்கி விடுதியின் முத்திரை ஆக்கினான். துண்டில், தலையணை உறையில், சோப்பு உறையில், உணவுப் பட்டியலில் எல்லாம் அந்த விரல். பட்டியலின் முதல் பக்கத்தில் கதை வேறு. இரண்டு சகோதரிகள் சீட்டு எடுத்தார்களாம். அம்மனே தன் விரலால் இளையவளுக்கு மணலைக் காட்டினாளாம். ரேகைக்கு நடுவே ஓடும் கோடு கடல் அலையாம்.

அது அலை இல்லை. பதினாலு வயதில் அறுப்பின்போது அரிவாள் இழுத்த தழும்பு. ஆதார் எடுத்த இடத்தில் அந்த விரலை இயந்திரம் ஏற்கவே இல்லை. ஐந்து தடவை துடைத்து வைக்கச் சொல்லி, வேறு விரலுக்குப் போனார்கள்.

ஒருநாள் முருங்கப்பாக்கம் சிக்னலில், முன்னால் நின்ற ஸ்கூட்டரில் ஒரு பெண்ணின் பனியன் முதுகில் தன் விரலைப் பார்த்தாள். முறம் அளவு இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள்.

இப்போது பொறாமை தங்கை மேல் மட்டும் இல்லை. அம்மன் மேலும் வந்துவிட்டது. செய்தது இவள், பேர் அவளுக்கு. சொல்லவும் வழியில்லை. என் விரல் என்றால், ஏன் வைத்தாய் என்று கேட்பார்கள்.

போன ஐப்பசியில் ஈரலில் கட்டி என்றார்கள். எத்தனை மாதம் என்று பூவிழி கேட்டாள். மருத்துவர் விரலை மடக்கிச் சொன்னார். அஞ்சலாட்சி கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அன்று இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மகளிடம் சீட்டு விஷயத்தைச் சொன்னாள். முதல் தடவை. "அந்த வெரலு என்னுதுன்னு அவகிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்" என்றாள்.

"சொன்னா இன்னா ஆவும்?"

"என்னாலதான் அவளுக்கு வந்துச்சின்னு அவளுக்குத் தெரியணும். அம்மனால இல்ல."

சனிக்கிழமை போனார்கள். வேறு நாளில் பூவிழிக்கு விடுப்பு இல்லை. பாலத்தில் ஐம்பது நிமிஷம். ஸ்கூட்டரில் அஞ்சலாட்சி பின்னால் உட்கார்ந்து மகளின் தோளைப் பிடித்திருந்தாள். பிடியில் எடையே இல்லை.

வாசலில் காவலாளி கையை நீட்டினார். "புக்கிங் இருக்காம்மா?"

அஞ்சலாட்சி இடது கட்டைவிரலைக் காட்டினாள். பக்கத்தில் பலகையிலும் அதுவே இருந்தது. அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை; மாடியைக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். "மேல ஃபுல்லும்மா" என்றார். வேறு ஏதோ வேலையாக வந்த கோபிநாத் பார்த்துவிட்டு ஓடிவந்தான். "பெரியம்மா, சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பனே."

"உன் வண்டியும் அந்தப் பாலத்துலதானடா நிக்கும்."

வரவேற்பறையில் பாக்கியம் இருந்தாள். அக்கா இளைத்திருந்ததைப் பார்த்து எழுந்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டாள். குளத்துப் பக்கமிருந்து பாட்டுச் சத்தம். ஒரு புதுமணத் தம்பதி சீட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை அக்காளும் தங்கையும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு அஞ்சலாட்சி விரலை மேசை மேல் வைத்தாள். "பாக்கியம், அந்த மஞ்சளு அம்மன் வெச்சது இல்ல."

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"நீ வெச்சது. இந்தத் தழும்புக்குப் பாவாடை ஓரத்தக் கிழிச்சிக் கட்டுனதே நான்தான். எனக்குத் தெரியாதா?"

அஞ்சலாட்சி தண்ணீர் வாங்கிக் குடித்தாள். தம்ளரிலும் அந்த விரல். "இதப் பெருசாக்கித் தொங்கவுட்டப்ப தெரிஞ்சிக்கினியா?"

"அன்னிக்கே தெரியும். சீட்டு எடுக்கறப்பவே. உன் கையில மஞ்சளு இருந்துச்சி, சீட்டுல இருந்துச்சி. நீ எனக்கு நல்லதக் காட்டுறன்னு நெனச்சி எடுத்தேன்." பாக்கியம் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினாள். "பிரிச்சிப் பாத்தப்பறந்தான் புரிஞ்சிச்சி."

அஞ்சலாட்சி மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப அம்மன்னு எழுதி வெச்சிருக்க?"

"கோபி கேட்டான், யாரு வெரலும்மான்னு. அக்கா ஏமாத்துனான்னு சொல்லச் சொல்றியா? அம்மன்னு சொன்னேன்."

அஞ்சலாட்சி பூவிழியைத் திரும்பிப் பார்த்தாள். பூவிழி கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு வருசம் அரிசி அனுப்பினேனே. அதையும் தெரிஞ்சிக்கினே தின்னியா?"

"நல்ல அரிசிக்கா அது."

"மணலு உனக்கு. மாடி உனக்கு. மன்னிக்கிறதும் உனக்குத்தானாடி?" என்றாள் அஞ்சலாட்சி. "எனக்குன்னு ஒண்ணாவது வுட்டு வெச்சியா நீ?"

பாக்கியம் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அப்பா சீட்ட மடிக்க உன்கிட்டத்தானக்கா குடுத்தாரு. என்னையா கூப்புட்டாரு? அதுக்கு நான் எத்தினி வருசம் வயிறு எரிஞ்சிருக்கேன், உனக்குத் தெரியுமா?"

"நெசமா?"

"இன்னிக்கும்."

அந்த ஒரு சொல்லை அஞ்சலாட்சி இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். பிறகு காபி குடித்தாள். கிளம்பும்போது, துண்டு ஒன்று கொடு என்றாள். பாக்கியம் பத்து எடுத்து வந்தாள். ஒன்று போதும் என்று திருப்பிக் கொடுத்தாள். வாசலில் காவலாளி இந்த முறை எழுந்து நின்றார்.

திரும்பி வந்ததும் தெருவில் சொன்னாள்: அது என் விரல். யாரும் நம்பவில்லை. எதிர்வீட்டு ஹேமலதா பூவிழியைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்து வேகத்தில் அப்படித்தான் பேசுவார்கள், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாள்.

பொறாமை குறையவில்லை. அறை கணக்கு தினமும் பார்த்தாள். கடைசி வாரம் எழுந்து உட்கார முடியாதபோது, பூவிழி போனை முகத்துக்கு நேராகப் பிடிப்பாள். "எத்தினி காலி?" கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியவில்லை அவளுக்கு. மூன்று காலி என்று பூவிழி சொன்னாள். எல்லா அறையும் நிறைந்திருந்தது. அஞ்சலாட்சி ஒரு வாய் கஞ்சி குடித்தாள்.

மாசி பதினொன்று, காலை ஆறு நாற்பதுக்குப் போனாள்.

பாக்கியம் முதல் ஆளாக வந்தாள், பாலம் காலியாக இருந்த நேரம். அக்காவின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், தூக்கும்வரை விடவில்லை. அன்றிலிருந்து பதினாறு நாள் விடுதிக்கு யாரையும் எடுக்கவில்லை. போனில் இருபத்திரண்டு அறையும் காலி என்று வந்தது. சொல்வதற்குப் பூவிழிக்கு ஆள் இல்லை.

துண்டு வீட்டில் இருக்கிறது. கடைசி நாட்களில் அஞ்சலாட்சியின் வாய் துடைத்தது அதில்தான். ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கிறது: அறுபது டிகிரி வெந்நீரில் துவைக்கலாம், சாயம் போகாது.

பூவிழி இன்னும் துவைக்கவில்லை.