மாவிளக்கின் பாதி

ஐந்து வருடப் படிப்பில், முதல் வருடப் பேப்பர் ஒன்றிலேயே நான் இரண்டு தடவை பெயில் ஆனேன். இன்ஜினியரிங் டிராயிங் என்று பெயர். கணக்கில் வகுப்புக்கே முதலாக வருகிறவன், ஒரு இரும்புத் துண்டைப் படம் போடத் தெரியாமல் நின்றுபோனேன். மூன்றாவது தடவையும் போனால் மேற்கொண்டு வகுப்பு ஏற்ற மாட்டார்கள். ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அம்மன் எனக்குச் செய்ததை, அவளை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எங்கள் ஊர் பொள்ளாச்சிக்குக் கிழக்கே. விவசாயக் குடும்பம். கோயமுத்தூரில் பி.யூ.சி. படிக்கும்போது ஒரு வாத்தியார் கம்ப்யூட்டர் என்ற மெஷினைப் பற்றிச் சொன்னார். ஒரு ஆபீஸே உட்கார்ந்து மாதக் கணக்கில் போடும் கணக்கை அது ஒரு மூச்சில் போட்டுவிடுமாம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அதற்கென்று தனிப் படிப்பு அப்போது எங்கள் பக்கம் கிடையாது. அதனால் நானே வழி வகுத்தேன். எலக்ட்ரிகல் பிரிவில் சேர வேண்டும், கணக்கை விடக் கூடாது, கடைசி வருடம் எலக்ட்ரானிக்ஸ், அப்புறம் வடக்கே போய்ப் பயிற்சி. பழுப்புத் தாளில் ஐந்து கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதி ஹாஸ்டல் சுவரில் ஒட்டினேன். டில்லியில் ஒரு அஞ்சு வருசத் திட்டம், எங்க மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஆமாம், கல்லூரியில் சேரும்போதே எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ருக்மணி என் மாமன் மகள். நான் ஹாஸ்டலில், அவள் ஊரில்.

சேருவதற்கு முன்னால் அப்பா எங்கள் ஊர் மாரியம்மனிடம் பூக் கேட்டார். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி அம்மன் பாதத்தில் வைப்பார்கள். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் காரியத்தைத் தொடங்கலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். எனக்கு வெள்ளை வந்தது. அதோடு எனக்குத் தலைக்கனமும் வந்தது. அம்மனே வாக்குக் கொடுத்துவிட்டாள், அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன்.

டிராயிங்கில் ஒரு பொருளை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைய வேண்டும். உள்ளே இருக்கும் பள்ளத்தைப் புள்ளிக்கோட்டில் காட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்றும் போட வேண்டும். எனக்கு எதுவும் கண்ணுக்குள் வரவில்லை. தாளில் கோடு கோடாகவே தெரிந்தது. அதனால் பாட்டு மனப்பாடம் செய்வதுபோல் புத்தகத்திலிருந்த படங்களை அப்படியே மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் அதே பொருளைத் திருப்பி வைத்துக் கேட்டார்கள். தொலைந்தேன். இரண்டாம் தடவை இன்னும் நிறையப் படங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அதற்கும் அதே கதிதான்.

அப்பா திட்டவில்லை. இன்னொருக்கா எழுதிப் பாரு, இல்லீன்னா வந்து தோட்டத்தைப் பாரு என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. ருக்மணி முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஹாஸ்டலுக்குத் திரும்பி அந்தப் பழுப்புத் தாளைக் கிழிக்கப் போய், கை வராமல் திருப்பிப் போட்டு ஒட்டினேன்.

தை மாதம் லீவு எடுத்துக்கொண்டு கோயமுத்தூரில் ஊருக்குப் பஸ் ஏறினேன். உக்கடம் குளத்தைத் தாண்டும்போதே முடிவு செய்துவிட்டேன். மறுபடியும் பூக் கேட்பது, சிவப்பு வந்தால் படிப்பைத் தலைமுழுகுவது.

வெள்ளிக்கிழமை நானும் ருக்மணியும் கோயிலுக்குப் போனோம். அவள் பச்சரிசி இடித்து வெல்லம் போட்டு மாவிளக்குப் பிடித்து எடுத்து வந்திருந்தாள். பூசாரி நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, முடியாது என்றார்.

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க பூவு. சொன்ன வாக்கையே நம்பலீன்னா, நான் மறுபடி பொட்டலங் கட்டி என்னங்க ஆகப்போவுது?"

எனக்கு அம்மன் மேலேயே கோபம் வந்தது. வெள்ளைப் பூவைக் கொடுத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ருக்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்களைப் படிக்கத்தானுங்க சொன்னா. படத்தையும் அவளே வந்து போடுவாளா?"

வெட்கமாகிவிட்டது. அம்மனுக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினேன். அதுவரை நான் வேண்டியதெல்லாம் மார்க்குதான். அன்றைக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. தாயே, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை, பார்க்கச் சொல்லிக் கொடு என்று மட்டும் கேட்டேன். அழுதேன்.

விளக்கு மலையேறியதும் ருக்மணி பிரசாதத்தைப் பிரிக்க உட்கார்ந்தாள். திரிக்கு வைத்திருந்த நூலில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, மாவிளக்கின் நடுவில் வைத்து நேரே கீழே இறக்கினாள். விளக்கு இரண்டு பாதியாகப் பிரிந்தது.

நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தபோது வட்டத்துக்குள் வட்டமாக இருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தபோது குழி இருப்பதே தெரியவில்லை. இப்போது வெட்டுவாயில், அவள் பெருவிரலால் அமுக்கிய குழி வளைவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே நெய் இறங்கிய இடம் கருத்திருந்தது. புத்தகத்தில் புள்ளிக்கோட்டில் போட்டிருந்தது இதைத்தான். இத்தனை நாள் நான் கோட்டைப் பார்த்தேன், பொருளைப் பார்க்கவே இல்லை.

"இந்தப் பக்கமா இன்னொண்ணு அறுத்துக் காட்டு அம்மணி," என்றேன்.

பிரசாதத்தில் என்ன விளையாட்டு என்று அவள் முறைத்தாள். ஆனாலும் அறுத்துக் காட்டினாள். என் பங்கைக் கையில் கொடுத்துவிட்டுத் தன் பங்கை இலையில் மடித்துவைத்தாள். நான் அப்போதே கரித்துண்டால் தரையில் படம் போட ஆரம்பித்திருந்தேன்.

அதன்பிறகு ஒரு படத்தைக்கூட மனப்பாடம் செய்யவில்லை. துணி சோப்பைக் கத்தியால் செதுக்கி, கேள்வியில் இருக்கும் பொருளைச் செய்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலைத் தொட்டேன். செதுக்கிய சோப்பையெல்லாம் ஊருக்குக் கொடுத்தனுப்புவேன். ஓட்டை போட்ட சோப்பை வைத்துத் துவைத்துத் துவைத்துக் கை வலிக்கிறது என்று ருக்மணி கேலி செய்வாள். சித்திரையில் பரீட்சை எழுதினேன். கண்ணை மூடினால் நூல் கீழே இறங்குவது தெரிந்தது. பாஸானேன்.

சுவரில் இருந்த தாளைத் திருப்பி ஒட்டினேன். ஆனால் திட்டத்தை மாற்றிவிட்டேன். பிடித்த பாடத்தை முதலில் வைத்திருந்ததை அடித்துவிட்டு, பயமாக இருக்கும் பாடத்துக்குக் காலை நேரத்தைக் கொடுத்தேன். தெரியாததைத் தெரியாது என்று பக்கத்து அறைக்காரனிடம் வெட்கமில்லாமல் கேட்டேன். அம்மன் அருளால் டிகிரி முடித்தேன். வடக்கே பயிற்சிக்கும் இடம் கிடைத்தது. குளிரூட்டிய அறையில் அந்த மெஷின் முன்னால் முதன்முதலாக நின்றபோது என் வாய் தானாக மாரியம்மா என்றது. பக்கத்திலிருந்த பஞ்சாபிக்காரர், மெஷினுக்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று கேட்டார்.

படிக்கிற பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களே, படிக்கிற பிள்ளைகளே, நீங்களும் திட்டம் போடுங்கள். ஐந்து வருடத்துக்கும் போடுங்கள். அதை அம்மன் காலடியில் வைத்துவிட்டு, மார்க்கைக் கேட்காமல் புத்தியைக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். அவள் எந்தக் கையால் கொடுப்பாள் என்று நமக்குத் தெரியாது.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். டிராயிங் பாஸான செய்தியோடு ஊருக்குப் போன அன்றே ருக்மணி அரிசியை ஊறவைத்தாள். கோயிலில் மாவிளக்கு ஏற்றி, நூலால் அறுத்து, என் பாதியைக் கொடுத்தாள். தன் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிட வேண்டியதுதானே என்றேன். கூட வந்திருந்த என் அம்மாதான் பதில் சொன்னாள்.

"உனக்குத் தெரியாதா கண்ணு? நீ மொதல்ல பெயிலான நாள்ல இருந்து அவ இனிப்பு வாயில வெக்கலை. பாஸானாத்தான் தொடுவேன்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்டா."

தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. அந்தத் தை வெள்ளிக்கிழமை கோயிலில் தன் பங்கை என் கண் முன்னாலேயே இலையில் மடித்துவைத்தாள். பார்க்கச் சொல்லிக் கொடு என்று அழுத நான் இதைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்து ஒரு துண்டைப் பிட்டு, கோயில் என்றும் பார்க்காமல், அம்மா நிற்கிறாள் என்றும் பார்க்காமல், அவள் வாயில் வைத்தேன்.

மெதுவாக மென்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெல்லம் கொஞ்சம் கம்மியாப் போச்சுங்க," என்றாள்.