நடைக்கு நான் விதித்த மோர்

2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். பல் துலக்கி, ஒரு தம்ளர் வெந்நீர் குடித்து, இரண்டு பாட்டில்களில் உப்புப் போட்ட நீர்மோர் நிரப்பினேன். ஐந்தேகாலுக்கு நண்பர் தெருமுனையில் சேர்ந்துகொண்டார். திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி ஒரு நடை. பதினோரு வருடமாக இதில் மாற்றமில்லை.

நண்பர் மிஷன் பள்ளி ஒன்றில் எழுத்தர். சர்க்கரை நோய்க்கு இருவேளையும் இன்சுலின் போடுபவர். நடக்கும்போது குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் கொண்டுவருவார். தலை சுற்றினால் இரண்டு மடக்குக் குடிப்பார். சர்க்கரை உள்ளவருக்குச் சர்க்கரைத் தண்ணீரா என்று எனக்கு எரிச்சல். நடையின்போது யார் எதைக் குடிக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி அவருக்கும் கொடுத்திருந்தேன். அவருக்கு மோர் மட்டும். அன்று அவர் பாட்டிலைப் பிடுங்கி அரளிச் செடியடியில் கவிழ்த்தேன்.

“ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட வந்துட்டேன் மாப்ள,” என்றார்.

“அதான் மோரு இருக்குல்ல. நடங்க.”

முக்கால் சுற்றில் அவர் பேச்சுக் குழறியது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மோரை நீட்டினேன். தட்டிவிட்டு என் வாயில் குத்தினார். பஸ் கண்டக்டரைக்கூட ‘நீங்க’ என்று பேசுகிற மனிதர். என் கீழுதடு கிழிந்தது. அடுத்த குத்து காதில். அங்கே நின்ற பருத்திப்பால் வண்டியின் மேல் போய் விழுந்தேன். தம்ளர்கள் ரோட்டில் உருண்டன. தடுக்க வந்த வண்டிக்காரம்மாவின் கையை அவர் முறுக்கினார்.

எதிரிலிருந்து இரண்டு ஆட்டோக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

“காலங்காத்தால ஏத்திக்கிட்டு வந்து பொம்பள மேலயா கைய வைக்கிற?”

ஒருவர் அவரைக் கீழே தள்ளினார். மற்றவர் விலாவில் உதைத்தார். நண்பரின் முகம் தாரில் உரசி ரத்தம் வந்தது. அப்போதும் அவர் கைகால்களை வீசி அடித்துக்கொண்டிருந்தார்.

“அடிக்காதீகண்ணே! அவரு குடிக்கல. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். சீனி எறங்கிருச்சு. கையக் கால அமுக்குங்க!” என்று அந்த அம்மா கத்தினார்.

வண்டியில் இருந்த வெல்லப்பாகை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே விழுந்தேன்.

“இனிப்புக் குடுத்துராதீங்க! அவருக்குச் சுகரு!”

என் கை பட்டுக் கிண்ணம் கவிழ்ந்தது. அந்த அம்மா கரண்டியால் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார்.

“கூறுகெட்ட ஆளே, தள்ளு! இம்புட்டு நேரம் கூட நடந்தீரு, ஆளு போயிட்டா நீரா வந்து பதில் சொல்லுவீரு?”

நண்பரின் கண்கள் மேலே செருகத் தொடங்கியிருந்தன. ஆட்டோக்காரர்கள் தோளையும் காலையும் அழுத்திப் பிடித்தார்கள். நான் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினேன். அந்த அம்மா வண்டியில் மீதியிருந்த பாகை விரலில் எடுத்து அவர் கன்னத்தின் உட்புறம் தடவினார். நண்பர் கடித்தார். விரல் தோல் கிழிந்தது. அந்த அம்மா விரலை மாற்றி மறுபடி தடவினார். எத்தனை முறை என்று எண்ணவில்லை. எதையும் எண்ணுகிற எனக்கு அன்று அது தோன்றவில்லை.

கால் மணி நேரத்தில் உடம்பு தளர்ந்து, நண்பர் கண் திறந்தார். என் உதட்டைப் பார்த்து, “யாரு மாப்ள அடிச்சது?” என்றார்.

உதைத்த ஆட்டோக்காரரே அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விலா எலும்பில் ஒரு கீறல். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். மாலையில் அவர் மனைவி கட்டிலருகே நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“குளுக்கோசு பாட்டில எங்கயோ மறந்து வச்சுட்டீங்க. செத்திருப்பீங்க, தெரியுமா?”

நண்பருக்கு எதுவும் நினைவில்லை. மறந்துதான் இருப்பேன் என்று தலையாட்டினார். நான் உதட்டில் பஞ்சை அழுத்தியபடி வீட்டுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் மனைவியை வராந்தாவுக்கு அழைத்து, குளுக்கோஸ் தண்ணீரைக் கீழே ஊற்றியது நான்தான் என்று சொன்னேன்.