பிலோமினாவின் கை

நேற்றுக் காலை ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஒரு பெண் வந்தாள். ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். எங்கேம்மா இப்படிக் கத்துக்கிட்டே என்று கேட்டேன். "ரப்பர் கை ஒண்ணு இருக்கும் ஆன்ட்டி. அதுல குத்திக் குத்திப் பழகுவோம்" என்றாள். ஊசியை டப்பாவில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஸ்பிரிட் வாசனை மட்டும் கூடத்தில் நின்றது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். அப்போது ஊசியைத் தூக்கி எறிவதாவது! வேகவைத்து வேகவைத்துப் போடுவோம். முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்போம், இழை மாட்டினால் கல்லில் தீட்ட வேண்டும். சாணை பிடிக்கிறவள் மாதிரி மத்தியானமெல்லாம் உட்கார்ந்து தீட்டுவேன். தீட்டுவதில் நான் கெட்டிக்காரிதான். குத்தச் சொன்னால் நரம்பு தவறிவிடும்.

பழகுவதற்கு ஒருத்தி கையில் ஒருத்தி குத்த வேண்டும். எட்டுப் பேரில் கள்ளிக்குப்பத்துப் பிலோமினாவுக்கு மட்டும் நரம்பு புடைத்துக்கொண்டு தெரியும். ஒரு கையை நீட்டிவிட்டு இன்னொரு கையால் வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பாள், மகராசி. எல்லோரும் அவளிடமே போனோம், எல்லோரையும்விட நான்தான் அதிகம். ஒரே ஆளை வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் குத்தக் கூடாது என்பது எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சிஸ்டரின் சட்டம். யார் கையில் குத்தினோம் என்று நோட்டில் எழுத வேண்டும். நாங்கள் பிலோமினாவையே குத்திவிட்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயரை எழுதிவைத்தோம். பயிற்சி முடிவதற்குள் அவள் இரண்டு முழங்கை மடிப்பிலும் நரம்பு கயிறாக இறுகிப்போனது.

அந்தக் கோடையில் லீவுக்குப் போனவளை வாந்திபேதியோடு ரிக்‌ஷாவில் கொண்டுவந்தார்கள். கண் உள்ளே போய்விட்டது. உடனே சலைன் ஏற்ற வேண்டும், டாக்டரோ ஆவடிக்குப் போயிருந்தார். சிஸ்டர் இரண்டு தடவை குத்திப் பார்த்தார், நரம்பு கிடைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். நோட்டைப் பார்த்து, யார் கையிலும் எனக்கு நரம்பு கிடைக்கும் என்று நம்பியிருந்தார் பாவம்.

நான் ஊசியை வைத்துக்கொண்டு நின்றேன். பிலோமினா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாடி பயப்படுறே? என் கையிலதானே கத்துகினே. குத்து."

நாலு இடத்தில் குத்தினேன். கண்ணாடி சிரிஞ்சுக்குள் ஒரு சொட்டு ரத்தம்கூடத் திரும்பி வரவில்லை. டாக்டர் வந்து கணுக்காலில் கீறி நரம்பைத் தேடி ஏற்றினார். பாதி பாட்டில் இறங்குவதற்குள் போய்விட்டாள்.

சின்னப் பெண்ணுக்கு நரம்பு எப்படி இப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தன் கைதான் தவறிவிட்டது என்று சிஸ்டர் அழுதார். அப்போதுகூட வாயைத் திறக்கவில்லையே, நான் என்ன ஜென்மம்!

இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். சிஸ்டரும் இல்லை, அந்தக் கண்ணாடி சிரிஞ்சும் தீட்டுக்கல்லும் இல்லை. நோட்டு எந்தப் பழைய பேப்பர்க் கடைக்குப் போனதோ. கிடைத்தாலும் அதில் பிலோமினாவின் பெயர் வாரத்துக்கு ஒரு தடவைதான் இருக்கும்.