குற்றாலிங்கம் தேய்க்க விடாத கை

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் குற்றாலிங்கத்தின் கையில் அகப்பட்ட ஓர் ஆலங்குளத்துக்காரர், எழுந்தபோது இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தார். நம்ப முடியாவிட்டால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

அந்த வலது கைதான் போன ஆடியில், சாரலும் கூட்டமும் சேர்ந்து இறங்கிய வாரத்தில், தோளிலிருந்து விரல்வரை வீங்கி நீலம் பாய்ந்தது. அவனுக்குத் தொழில் பழக்கிய செந்தில்வேல் அண்ணாச்சி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.

"சுளுக்குலே. நீட்டு, உருவி விடுதேன்."

நீட்டியிருப்பான். மனைவி வேல்விழி விரல்களின் நிறத்தைப் பார்த்து, தென்காசிக்கு இழுத்துப் போனாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் சுஜிதா, தோளுக்கருகே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார். கைக்கு ஓயாமல் வேலை கொடுப்பவர்களுக்கு வரக்கூடியதாம்.

"ஊசி போடுறோம். அப்புறம் மூணு மாசம் மாத்திரை, ஒரு நாள் விடக்கூடாது. யாரையும் தேய்க்க விடாதீங்க. உறைஞ்ச ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து."

திரும்பி வந்தவனை அருவிக்கரையே சூழ்ந்துகொண்டது.

"ஊரு உடம்பெல்லாம் தேய்க்கிறவன், தன் கையத் தேய்க்க விடமாட்டேங்கான்! வாரவன் காதுல விழுந்தா நம்ம பொழப்பு என்னலே ஆவும்?" என்றார் அண்ணாச்சி.

"பொழப்பு நாளைக்கும் இருக்கும். நான் இருக்கணும்லா?"

"நாலே நாலு உருவு. சீசன் முடியுமுன்ன கை வந்திரும்."

"தொட்டியள்னா கடிச்சிருவேன் அண்ணாச்சி."

அன்றே மார்க்கர் பேனாவால் வலது கை நெடுக 'தேய்க்காதே' என்று எழுதிக்கொண்டான். இடது கையால் எழுதியதால் எழுத்தெல்லாம் கோணல். கண்ணயர்ந்த நேரத்தில் எவராவது பாசத்தோடு எண்ணெய் விரலை வைத்தால், எழுத்து கலைந்து காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? சீசன் முழுக்க, ஆட்களை உட்காரவைத்துத் தேய்க்கும் தன் காலிப் பலகையிலேயே, அந்தக் கையைத் தலையணைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

ஐப்பசியில் மறுபடி ஸ்கேன். அடைப்பு கரைந்துவிட்டது, மெல்ல வேலையைத் தொடங்கலாம் என்றார் டாக்டர்.

தொடங்கிய மூன்றாம் நாள், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் அண்ணாச்சியின் பலகையில் வந்து உட்கார்ந்தார். ஒரு கை மட்டும் வீங்கி, நீலமாக. அண்ணாச்சியின் விரல்கள் எண்ணெயில் நனைந்துவிட்டன. குற்றாலிங்கம் பாய்ந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டான்.

"ஏலே, கோட்டிப் பயலே! வந்த ஆளை வெரட்டுதியா?"

"ஆமா, வெரட்டுதேன். தென்காசி ஆஸ்பத்திரிக்கு!"

இடுப்பிலிருந்து பேனாவை உருவினான். அந்த ஆள் திகைத்துப் பார்த்திருக்க, அவர் கையில் 'தேய்க்காதே' என்று பெரிதாக எழுதினான்.

வலது கையால். எழுத்தில் ஒரு கோணல் இல்லை.